உப்பு கரைந்தால் யார் கணக்கில் எழுதுவது? பரஸ்பரக் காப்பீட்டின் வரலாறும் மரக்காணத்துக் கேள்வியும்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மரக்காணம் உப்பளங்கள் கடல் எது, கழுவெளி எது, பாத்தி எது என்று தெரியாதபடி ஒரே நீர்ப்பரப்பாகக் கிடந்தன. ஜனவரியில் உப்பள வேலை தொடங்க வேண்டுமானால் தண்ணீர் வடிய வேண்டும், சேற்றை வாரிக் கொட்ட வேண்டும், உடைந்த வரப்பைக் கட்ட வேண்டும், பாத்தியை மறுபடி மிதித்து இறுக்க வேண்டும். அதன் பிறகுதான் உப்பு.

இந்த நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது? உப்பளத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கு ஒரு கணக்கு இருக்கிறது. குவித்து வைத்த உப்புக்கும் மோட்டாருக்கும் அவர் விரும்பினால் இன்ஷூரன்ஸ் எடுக்கலாம், வங்கிக் கடனைத் தள்ளிப்போடச் சொல்லி மனு கொடுக்கலாம். பாத்தியில் இறங்கி உப்பு வாரும் பெண்ணுக்கு என்ன கணக்கு? அவர் இழந்தது உப்பை அல்ல, கூலி நாட்களை. கூலி நாள் எந்தப் பதிவேட்டிலும் சொத்தாக எழுதப்படுவதில்லை. எழுதப்படாத ஒன்றுக்கு நட்ட ஈடு கேட்க முடியாது.

மாநில அரசு சில ஆண்டுகளாக உப்பளத் தொழிலாளர்களுக்கு வேலையில்லாத மழைக்காலத்துக்கென்று 5,000 ரூபாய் நிவாரணம் தருகிறது. போராடிப் பெற்றது, அதைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. கொடுப்பவர் மனம் வைத்தால் வருவது நிவாரணம். ஒப்பந்தப்படி வர வேண்டியதும், வராவிட்டால் வழக்குப் போட முடிவதும் காப்பீடு. நம் மக்களுக்கு நிவாரணம் பழக்கம், காப்பீடு பழக்கமில்லை. அது ஏன் என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

மொய் நோட்டிலிருந்து தொடங்குவோம்

இன்ஷூரன்ஸ் என்றதும் ஏஜென்ட், பாலிசி பத்திரம், டி.வி. விளம்பரம் என்றுதான் நமக்கு நினைவு வருகிறது. அதன் வேர் நம் தெருவிலேயே இருக்கிறது. சாவு விழுந்த வீட்டுக்குத் தெருவே கை கொடுக்கிறது. ஒருவர் அரிசி, ஒருவர் பணம், ஒருவர் உடல் உழைப்பு. காரியத்தன்று மொய் நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நாளை அவர் வீட்டில் விழுந்தால் நாம் திருப்பிச் செய்ய வேண்டும். 'எல்லார் வீட்டிலும் ஒருநாள் நடக்கும், இன்றைக்கு யார் வீட்டில் என்பது மட்டும்தான் தெரியாது' என்ற அறிவுதான் காப்பீட்டின் அடிப்படை.

பரஸ்பரக் காப்பீடு இதே அறிவைக் கணக்கோடு செய்கிறது. பங்குதாரர் கம்பெனியில் பணம் போட்டவர் முதலாளி, பாலிசி எடுத்தவர் வாடிக்கையாளர். மிஞ்சும் பணம் முதலாளிக்குப் போகும். பரஸ்பர நிறுவனத்தில் பங்குதாரர் என்று தனியாக யாரும் கிடையாது. பாலிசி எடுத்த உறுப்பினர்களே உடைமையாளர்கள். மிஞ்சியது அவர்களுக்கே போனஸாக வரும், அல்லது அடுத்த ஆண்டு பிரீமியம் குறையும், அல்லது சேமநிதியில் சேரும். நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் வாக்கும் அவர்களுடையதே.

ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 2,000 குடும்பங்கள் ஆண்டுக்கு 300 ரூபாய் கட்டுகின்றன என்று வைத்துக்கொள்வோம். சேர்வது 6 லட்சம். சராசரியாக ஆண்டுக்கு 8 சாவு, ஒவ்வொன்றுக்கும் 50,000 ரூபாய் என்றால் 4 லட்சம் போகிறது. எழுத்தர் சம்பளம், நோட்டு, போக்குவரத்துக்கு 60,000. மீதி 1,40,000 சேமநிதிக்கு. அடுத்த ஆண்டு 11 சாவு விழுந்தால் 5,50,000-உம் செலவு 60,000-உம் சேர்த்து 6,10,000. 10,000 ரூபாய் துண்டு விழும். சேமநிதி தாங்கும்.

இதையே 50 குடும்பங்கள் உள்ள ஒரு தெருவில் செய்து பாருங்கள். சேர்வது 15,000. பல ஆண்டுகள் சாவே விழாமல் போகலாம். ஆனால் ஒரே ஆண்டில் இரண்டு விழுந்தால் தேவை 1 லட்சம். நிதி அன்றோடு முடிந்தது. மக்கள் நாணயமானவர்கள்தான், ஒற்றுமையும் இருந்தது, வட்டம் சிறியது, அவ்வளவுதான் குற்றம்.

இன்னொரு சிக்கலும் உண்டு. சாவும் நோயும் ஒவ்வொரு வீடாக வரும். புயல் எல்லா வீட்டுக்கும் ஒரே இரவில் வரும். உப்பளத் தொழிலாளர்கள் மட்டுமே சேர்ந்த சங்கம் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் ஃபெஞ்சல் போன்ற ஒரு நாளைத் தாங்காது. கட்டியவர்கள் எல்லோரும் அன்றைக்கே கேட்பவர்களாக நிற்பார்கள். அதனால்தான் காப்பீட்டு நிறுவனங்களே தங்களுக்கு மேலே இன்னொரு பெரிய நிறுவனத்திடம் காப்பீடு எடுத்து வைக்கின்றன. மறுகாப்பீடு என்பது அதுதான். மரக்காணத்துப் புயலை மரக்காணம் மட்டும் தாங்காமல், புயல் வராத ஊர்களும் சேர்ந்து தாங்கச் செய்யும் ஏற்பாடு.

வட்டத்துக்குள் யார், வெளியே யார் என்பது கணக்குப் பாடம் மட்டுமல்ல. மேலே படித்தால் தெரியும்.

வயதுக்கு விலை, பிறகு தோலுக்கு விலை

18-ஆம் நூற்றாண்டு லண்டனில் ஜேம்ஸ் டாட்சன் என்ற கணித ஆசிரியர் அமிக்கபிள் என்ற ஆயுள் காப்பீட்டுச் சங்கத்தில் சேரப் போனார். 45 வயதைத் தாண்டிவிட்டீர் என்று மறுத்துவிட்டார்கள். வயது கூடினால் சேர்க்காமல் விடுவானேன், வயதுக்குத் தக்க கட்டணம் வாங்கலாமே என்று அவர் கேட்டார். இறப்புப் பதிவுகளை வைத்து எந்த வயதில் எவ்வளவு பிரீமியம் என்று கணக்கிட்டார். 1757-இல் அவர் இறந்துவிட்டார். அவருடைய கணக்கின் மேல் 1762-இல் ஈக்விடபிள் சொசைட்டி தொடங்கியது. உறுப்பினர்களே உடைமையாளர்களாக இருந்த அந்தச் சங்கம்தான் அறிவியல் கணக்கில் நடந்த முதல் ஆயுள் காப்பீட்டு நிறுவனம்.

பார்க்க நியாயமான யோசனை. ஆபத்து அதிகமானால் கட்டணம் அதிகம். ஆனால் ஆபத்தை எதை வைத்து அளப்பது? வயதை வைத்து அளக்கத் தொடங்கியவர்கள் அதோடு நிற்கவில்லை.

இந்தியாவுக்கு ஆயுள் காப்பீடு வந்தது 1818-இல், கல்கத்தாவில் ஓரியண்டல் லைஃப் என்ற கம்பெனியாக. 1829-இல் மெட்ராஸ் ஈக்விடபிள் நம் மாகாணத்தில் தொடங்கியது. இவை ஐரோப்பியருக்கானவை. இந்தியரின் உயிரை முதலில் ஏற்கவே மறுத்தார்கள். பிறகு ஏற்றபோது கூடுதல் பிரீமியம் போட்டார்கள். இந்தியர் உடல் தரம் தாழ்ந்தது, சீக்கிரம் சாகும் என்பது அவர்கள் கணக்கு.

இதற்கு எதிராக 1870-இல் எழுந்ததுதான் பம்பாய் மியூச்சுவல் லைஃப் அஷ்யூரன்ஸ் சொசைட்டி. பெயரே சொல்வதுபோல அது பரஸ்பரச் சங்கம். இந்தியரின் உயிரைச் சாதாரணக் கட்டணத்தில் ஏற்றது. இந்தியக் காப்பீட்டு வரலாற்றில் இது பெரிய நாள். 1906-இல் சென்னையில் யுனைடெட் இந்தியா, 1907-இல் கல்கத்தாவில் ஹிந்துஸ்தான் கோ-ஆபரேட்டிவ் என்று சுதேசி அலையில் பல நிறுவனங்கள் வந்தன.

நிறவெறிக் கட்டணத்தை எதிர்த்த இந்த நிறுவனங்களின் பாலிசி யார் கையில் இருந்தது? மாதச் சம்பளக்காரர், வக்கீல், வியாபாரி. வயது நிரூபிக்கச் சான்று, மருத்துவப் பரிசோதனை, தவணை தவறாத வருமானம் என்று கேட்ட வாசலில் கூலிக்காரர் நுழைய முடியவில்லை. பருவத்துக்கு வேலை, மழைக்குப் பட்டினி என்று வாழும் உப்பளத் தொழிலாளிக்கு அந்தத் தவணையே பொருந்தாது. தோலுக்கு விலை போட்ட வெள்ளையரை எதிர்த்தவர்கள், சேரிக்கு வெளியே தங்கள் வட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். யாரும் சட்டம் எழுதித் தடுக்கவில்லை, தடுக்க வேண்டிய தேவையும் இருக்கவில்லை.

டர்ஹாமில் ஒரு நாவிதர்

தோழர்களே, இந்த இடத்தில் கடல் கடந்து ஒரு கதையைப் பார்த்தே ஆக வேண்டும்.

1881-இல் அமெரிக்காவின் புரூடென்ஷியல் கம்பெனி ஓர் அறிவிப்புச் செய்தது. கறுப்பின மக்கள் அதே பிரீமியம் கட்டலாம், ஆனால் இறந்தால் வெள்ளையருக்குத் தரும் தொகையில் மூன்றில் ஒரு பங்கு குறைத்துத்தான் தருவோம். 1884-இல் மாசசூசெட்ஸ் மாநிலம் இந்தப் பாகுபாட்டைச் சட்டம் போட்டுத் தடுத்தது. கம்பெனிகள் வேறு வழி தேடின. 1896-இல் புரூடென்ஷியலின் புள்ளிவிவர நிபுணர் ஃபிரெடரிக் ஹாஃப்மன் ஒரு பெரிய நூல் எழுதினார். கறுப்பின மக்கள் அதிகம் சாகிறார்கள், காரணம் அவர்களுடைய இனத்தின் இயல்பு, எனவே அவர்களுக்குக் காப்பீடு செய்வது நட்டம் என்பது அதன் வாதம். நூல் முழுக்க அட்டவணைகள், எண்கள்.

கறுப்பின அறிஞர் கெல்லி மில்லர் அடுத்த ஆண்டே அதற்கு மறுப்பு எழுதினார். டு பாய்ஸும் எதிர்த்தார். எண் சரியாகவே இருக்கட்டும், காரணம் எங்கே இருக்கிறது என்பதுதான் அவர்கள் எழுப்பிய கேள்வி. சாக்கடை ஓரக் குடியிருப்பு, மருத்துவமனையில் இடமில்லை, குறைந்த கூலி, அதிக வேலை. இவற்றால் வந்த சாவை இரத்தத்தின் குணம் என்று எழுதுவது எந்த அறிவியல்?

எழுத்தில் மறுப்பு ஒருபுறம். மறுபுறம் வட கரோலினாவின் டர்ஹாம் நகரில் சிலர் நிறுவனமே தொடங்கிவிட்டார்கள். ஜான் மெரிக் அடிமையாகப் பிறந்தவர், முடிதிருத்தும் தொழில் செய்தவர். ஆரன் மூர் மருத்துவர். இவர்களும் வேறு சிலரும் சேர்ந்து 1898-இல் உருவாக்கியதுதான் நார்த் கரோலினா மியூச்சுவல். சிறிது காலத்தில் சி. சி. ஸ்பால்டிங் நிர்வாகப் பொறுப்புக்கு வந்தார். முதல் கிளைம் 40 டாலர். கையிருப்பில் அந்தப் பணம் இல்லை, நிறுவனர்கள் தங்கள் சட்டைப் பையிலிருந்து போட்டுக் கொடுத்தார்கள் என்று அந்த நிறுவனத்தின் கதையைச் சொல்பவர்கள் எல்லோரும் சொல்வார்கள். கொடுத்த ரசீதைக் காட்டித்தான் அடுத்த உறுப்பினர்களைச் சேர்த்தார்கள்.

தொழில் முறையைக் கவனியுங்கள். ஆண்டுப் பிரீமியம் கேட்கவில்லை. வாரா வாரம் சில சென்ட் காசு. புகையிலை ஆலையில் கூலி கிடைக்கும் நாளில் ஏஜென்ட் வீட்டு வாசலில் நிற்பார். ஏஜென்டும் அதே தெருவைச் சேர்ந்தவர். நோய்க்கும் சாவுக்கும் சிறு தொகை. சேர்ந்த பணம் பிறகு வங்கியாகவும், வீட்டுக் கடனாகவும், வேலைவாய்ப்பாகவும் மாறியது. டர்ஹாமைப் பார்க்க டு பாய்ஸ் போனார், புக்கர் டி. வாஷிங்டனும் போனார். தங்களுக்குள் கடுமையாக முரண்பட்ட இருவரும் அந்த நகரைப் பாராட்டி எழுதினார்கள்.

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் இங்கே நிறுத்திவிடுவார்கள். முடிவையும் நாம் தெரிந்துகொள்ள வேண்டும். நிறவெறிச் சட்டங்கள் விழுந்த பிறகு பெரிய கம்பெனிகள் கறுப்பின வாடிக்கையாளர்களைத் தேடி வந்தன. நார்த் கரோலினா மியூச்சுவலின் வட்டம் சுருங்கியது. கடைசி ஆண்டுகளில் நிதி நிலை சரிந்து, 2018-இல் மாநிலக் காப்பீட்டுத் துறை நிர்வாகத்தை எடுத்துக்கொண்டது. 2022-இல் கலைக்க உத்தரவானது. 120 ஆண்டுகளுக்கு மேல் நின்ற நிறுவனம்.

இதில் இரண்டு பாடம். ஒதுக்கப்பட்டவர்கள் தங்களுக்கென்று நிறுவனம் கட்ட முடியும், அது மூன்று தலைமுறைக்கும் நிற்கும். ஆனால் ஒதுக்கப்பட்டவர்கள் மட்டுமே உள்ள வட்டம் என்றைக்கும் சிறிய வட்டம்தான். 50 குடும்பத் தெருவின் கணக்குதான் அங்கேயும்.

ஓலைக் கூரையின் கட்டணம்

ஹாஃப்மனின் கணக்கு நம் ஊரில் இல்லை என்று நினைக்க வேண்டாம். தீ விபத்துக் காப்பீட்டுக் கட்டண விதிகளில் ஓலை, கீற்று போன்றவற்றால் ஆன வீடு 'கச்சா' கட்டுமானம் என்று பிரிக்கப்பட்டுக் கூடுதல் பிரீமியம் போடப்பட்டது. ஓலை சீக்கிரம் தீப்பிடிக்கும், உண்மைதான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஓலைக்குக் கீழே யார் வாழ்கிறார்கள்? பட்டா யாருக்கு மறுக்கப்பட்டது? எந்தத் தெருவுக்குத் தீயணைப்பு வண்டி நுழையும் அளவுக்கு வழி விடப்படவில்லை?

தீ எப்போதும் தானாகவும் பிடிப்பதில்லை. 1968-இல் கீழ்வெண்மணியில் 44 பேர் எரிக்கப்பட்டது ஓலைக் குடிசையில்தான். 2012 நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. 2013 ஏப்ரல் 25 அன்று இதே மரக்காணத்தில் கட்டையன் தெருவில் நம் மக்களின் வீடுகள் எரிக்கப்பட்டன. கலவரத்தால் வரும் சேதத்தையும் தீக் காப்பீட்டு பாலிசி ஏற்கிறது என்பது பலருக்குத் தெரியாது. தெரிந்தாலும் பாலிசி இருந்த வீடுகள் எத்தனை? எரிந்த பிறகு வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி நிவாரணத்துக்காக அலுவலகம் அலுவலகமாக அலைந்ததைத்தான் நாம் பார்த்திருக்கிறோம்.

ஆக, அட்டவணை பொய் சொல்வதில்லை, பாதிதான் சொல்கிறது. ஆபத்து எவ்வளவு என்று சொல்லும். அந்த ஆபத்தை யார் உண்டாக்கினார்கள் என்று சொல்லாது. உண்டாக்கியவரிடம் வாங்க வேண்டிய கட்டணத்தை அனுபவிப்பவரிடம் வாங்கிவிடும்.

அண்ணலின் விடை

இதற்கு அண்ணல் அம்பேத்கர் ஒரு விடை எழுதி வைத்திருக்கிறார். 1947-இல் அனைத்திந்திய பட்டியல் சாதியினர் கூட்டமைப்பின் சார்பில் அரசியல் நிர்ணய சபைக்கு அளித்த 'மாநிலங்களும் சிறுபான்மையினரும்' என்ற ஆவணத்தில் நிலத்தை அரசுடைமை ஆக்கும் பகுதியை நம்மில் பலர் படித்திருக்கிறோம். அதே பட்டியலில் காப்பீடும் இருக்கிறது. காப்பீடு அரசின் தனியுரிமையாக இருக்க வேண்டும், வயது வந்த ஒவ்வொரு குடிமகனும் தன் கூலிக்குத் தக்க ஆயுள் பாலிசி எடுப்பதை அரசு கட்டாயமாக்க வேண்டும் என்கிறார்.

கட்டாயம் என்ற சொல்லைக் கவனியுங்கள். விருப்பம் என்று விட்டால் வசதியுள்ளவர் தங்களுக்குள் வட்டம் போட்டுக்கொள்வார். ஆபத்து அதிகமான ஏழை தனியே விடப்படுவார். கட்டாயம் என்றால் நாடு முழுவதும் ஒரே வட்டம். கூலிக்குத் தக்க என்றால், தாங்க முடிந்த அளவுக்குக் கட்டணம். அவர் தந்த காரணங்கள் இரண்டு. அரசின் வளமே பின்னால் நிற்பதால் தனியார் கம்பெனியைவிடப் பாதுகாப்பு கூடுதல். சேரும் பணம் நாட்டின் திட்டங்களுக்குப் பயன்படும், அரசு அதிக வட்டிக்குச் சந்தையில் கடன் வாங்கத் தேவையில்லை.

இது திடீரென்று வந்த யோசனையல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் அவர் தொழிலாளர் துறையைக் கவனித்தார். தொழிலாளர் உடல்நலக் காப்பீடு பற்றிய அடார்கர் அறிக்கை 1944-இல் வந்தது அந்தக் காலத்தில்தான். அதிலிருந்து பிறந்தது 1948-இன் இ.எஸ்.ஐ. சட்டம். அந்தச் சட்டத்திலேயே பருவகாலத் தொழிற்சாலைகளுக்கு விலக்கு வந்துவிட்டது. பருவத்துக்கு மட்டும் வேலை நடக்கும் தொழில்கள்தான் எங்கும் மிகவும் பாதுகாப்பற்ற தொழில்கள், அவையே வாசலில் நின்றுவிட்டன. உப்பளமும் வெட்டவெளியில்தான் நிற்கிறது.

எல்.ஐ.சி. யாருடையது?

1955 டிசம்பரில் ஃபெரோஸ் காந்தி மக்களவையில் டால்மியாவின் பாரத் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பாலிசிதாரர் பணம் எப்படித் திருப்பப்பட்டது என்று புட்டுப்புட்டு வைத்தார். 1956 ஜனவரி 19 அன்று அவசரச் சட்டம் வந்தது. செப்டம்பர் 1 அன்று எல்.ஐ.சி. பிறந்தது. 154 இந்தியக் கம்பெனிகள், 16 வெளிநாட்டுக் கம்பெனிகள், 75 பிராவிடண்ட் சங்கங்கள், ஆக 245 நிறுவனங்கள் அதில் கரைந்தன. பம்பாய் மியூச்சுவலும் அதில் ஒன்று.

அரசு போட்ட மூலதனம் 5 கோடி ரூபாய். ஆண்டுதோறும் கணக்குப் பார்த்து மிஞ்சும் உபரியில் 95 சதவீதத்துக்குக் குறையாமல் பாலிசிதாரருக்கு, மீதி அரசுக்கு என்று சட்டம் வைத்தது. பெயரில் அரசுக் கழகம், நடைமுறையில் கிட்டத்தட்ட பரஸ்பர நிறுவனம். அது வளர்ந்தது பெரும்பாலும் பாலிசிதாரர் பணத்தில். அதனால்தான் 2021-இல் சட்டத்தைத் திருத்தி, 2022 மே மாதம் 3.5 சதவீதப் பங்குகளைச் சந்தையில் விற்றபோது தொழிற்சங்கங்கள் கேட்டன: உறுப்பினர் பணத்தில் வளர்ந்ததில் பங்கு விற்கும் உரிமை யாருக்கு? விற்ற தொகை சுமார் 21,000 கோடி ரூபாய். அன்றுமுதல் உபரியைப் பங்கிடும் மேசையில் புதிதாக ஒருவர் உட்கார்ந்திருக்கிறார், பங்குதாரர்.

1999-இல் காப்பீட்டுத் துறை தனியாருக்குத் திறக்கப்பட்டபோது நிறுவனம் தொடங்கக் குறைந்தது 100 கோடி மூலதனம் வேண்டும் என்றார்கள். அந்நிய முதலீட்டு வரம்பு 26 சதவீதம், 2015-இல் 49, 2021-இல் 74 என்று ஏறியது. பெரு முதலாளிக்கு வாசல் அகலமாகிக்கொண்டே போனது. பங்கு மூலதனமே இல்லாமல் உறுப்பினர் பணத்தில் நடக்கும் சிறு பரஸ்பரச் சங்கத்துக்கோ 100 கோடி என்ற ஒரே எண்ணில் வாசல் சாத்தப்பட்டது. மெரிக்கும் மூரும் இன்றைக்கு மரக்காணத்தில் பிறந்திருந்தால் முதல் படியிலேயே திருப்பி அனுப்பப்பட்டிருப்பார்கள்.

சன்னல் வழியே நுழைந்தவர்கள்

வாசல் சாத்தியிருந்தும் சிலர் முயன்றார்கள். மதுரையை மையமாகக் கொண்ட தானம் அறக்கட்டளையின் களஞ்சியம் பெண்கள் குழுக்கள் தேனி மாவட்டம் கடமலைக்குண்டு பகுதியில் தங்கள் வட்டாரச் சங்கத்தின் மூலம் உடல்நலப் பரஸ்பர நிதியை நடத்தின. உறுப்பினர் கட்டிய பணம், உறுப்பினரே பரிசீலித்த கிளைம். எது சிறு நோயோ அதைத் தாங்களே தாங்குவது, பெரியதற்குக் காப்பீட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் என்று பிரித்துக்கொள்ளும் முறையை அவர்கள் வளர்த்தார்கள்.

குஜராத்தில் சேவா அமைப்பு 1992-இல் விமோசேவாவைத் தொடங்கியது. முறைசாராத் தொழிலில் உள்ள பெண்களுக்கான காப்பீடு அது. கட்ச் பாலைவன ஓரத்தில் உப்பு விளைவிக்கும் பெண்களிடையிலும் சேவா வேலை செய்கிறது என்பதால் அவர்கள் அனுபவம் நமக்கு நெருக்கமானது. அண்மை ஆண்டுகளில் வெப்பத்துக்கான காப்பீட்டையும் முயன்றார்கள். வெயில் குறிப்பிட்ட அளவைத் தாண்டினால், யாருக்கு என்ன நட்டம் என்று விசாரிக்காமலே, வானிலை அளவை மட்டும் பார்த்து ஒரு தொகை வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். 2024 கோடையில் பல்லாயிரம் பெண்களுக்கு அப்படிப் பணம் வந்தது. தொகை சிறியதுதான். ஆனால் இழந்த கூலி நாள் முதல்முறையாக ஒரு கணக்கில் ஏறியது.

சேவாவின் மிராய் சட்டர்ஜி தலைமையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் அமைத்த குழு 2020-இல் அறிக்கை தந்தது. சிறு காப்பீட்டு நிறுவனங்களுக்கு மூலதன வரம்பை 100 கோடியிலிருந்து 20 கோடியாகக் குறைக்க வேண்டும், கூட்டுறவுகளுக்கும் பரஸ்பரச் சங்கங்களுக்கும் இடம் தர வேண்டும் என்று பரிந்துரைத்தது. இதை நம் கோரிக்கைப் பட்டியலில் சேர்க்க வேண்டும்.

மரக்காணத்தில் என்ன செய்யலாம்?

மாணவத் தோழர்கள் இதைப் படித்துவிட்டு என்ன செய்வது என்று கேட்பீர்கள். என் கருத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, இருக்கும் உரிமையைக் கையில் எடுங்கள். 2015-இல் வந்த பிரதமர் விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாய், 18 முதல் 70 வயது வரை, விபத்தில் இறந்தால் 2 லட்சம். ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாய், 18 முதல் 50 வயதுக்குள் சேர வேண்டும், எக்காரணத்தால் இறந்தாலும் 2 லட்சம். இரண்டும் ஜூன் 1 முதல் மே 31 வரை. கணக்கிலிருந்து தானாகப் பணம் எடுக்கும்போது இருப்பு இல்லையென்றால் பாலிசி போய்விடும். மே மாதக் கடைசியில் கணக்கில் அந்தப் பணம் இருக்கிறதா என்று தெருத் தெருவாகப் பார்க்கும் வேலையை ஒரு மாணவர் குழு எடுத்துக்கொள்ளலாம். யாராவது இறந்தால் வங்கிப் புத்தகத்தில் 20 அல்லது 436 பிடித்தம் ஆகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலிசி இருப்பதே தெரியாத குடும்பம் எப்படி கிளைம் கேட்கும்? நியமனதாரர் பெயர் சரியாக இருக்கிறதா, ஆதாரில் உள்ள பெயரும் வங்கியில் உள்ள பெயரும் ஒன்றா என்பதை உயிரோடு இருக்கும்போதே சரிசெய்யுங்கள்.

இரண்டாவது, பதிவேடு. உப்பளத்தில் யார், எந்தப் பருவத்தில், எத்தனை நாள் வேலை செய்தார் என்ற நோட்டு இல்லாமல் எந்தக் காப்பீடும் வராது. நல வாரிய அட்டை, கூலிச் சீட்டு, எதுவும் இல்லையென்றால் சங்கமே எழுதும் நாள் கணக்கு. ஆபத்தை அளக்கும் அட்டவணையை இதுவரை மற்றவர்கள்தான் எழுதினார்கள். காரணத்தையும் சேர்த்து எழுதும் அட்டவணையை நாம் தொடங்குவோம்.

மூன்றாவது, சிறியதை நாம் தாங்குவது, பெரியதை மேலே தள்ளுவது. ஈமச் செலவு, ஒரு வார மருத்துவமனைச் செலவு போன்றவற்றுக்குப் பல ஊர்ப் பெண்கள் குழுக்கள் சேர்ந்த பரஸ்பர நிதி பொருந்தும். ஒரு தெருவோடு, ஒரு சாதியோடு நிற்கக் கூடாது. உப்பளத்தில் நம்மோடு கூலிக்கு நிற்கும் பிற்படுத்தப்பட்ட தோழர்களும், வேறு ஊர் விவசாயக் கூலிகளும் சேர்ந்தால்தான் வட்டம் தாங்கும். எளிதில்லை என்று எனக்குத் தெரியும். 2013-க்குப் பிறகு மரக்காணத்தில் இதைச் சொல்வது எளிதே இல்லை. ஆனால் 50 குடும்பத்தின் கணக்கை மறுபடி போட்டுப் பாருங்கள். புயலுக்கும் வெள்ளத்துக்கும் நாம் நிதி சேர்க்க வேண்டியதில்லை. மழை அளவை வைத்துத் தானாகக் கூலி இழப்பு வழங்கும் காப்பீட்டை, பிரீமியத்தை அரசும் உப்பள உரிமையாளரும் கட்டும்படி கேட்க வேண்டும். நிலம் மைய அரசுடையது, குத்தகை அரசுக்குப் போகிறது, லாபம் உரிமையாளருக்குப் போகிறது. ஆபத்து மட்டும் ஏன் தொழிலாளிக்கு?

நான்காவது, நம் நிறுவனத்தை நாமே கண்காணிப்பது. நார்த் கரோலினா மியூச்சுவலும் சாய்ந்தது, பாரத் இன்ஷூரன்ஸிலும் பணம் போனது. நம்மவர் நடத்துகிறார் என்பதால் கணக்குக் கேட்காமல் இருப்பது தோழமையல்ல. ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவை உரக்கப் படிக்க வேண்டும், படிக்கத் தெரியாதவருக்கும் புரியும்படி.

சொந்த நிறுவனமா, அரசின் பெரிய வட்டமா என்று இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. டர்ஹாம்காரர்கள் சொந்த நிறுவனம் கட்டியதால்தான் ஹாஃப்மனின் அட்டவணை பொய்யென்று நடைமுறையில் காட்ட முடிந்தது. அண்ணல் நாடு முழுவதற்கும் ஒரே வட்டம் கேட்டதால்தான் ஒதுக்கப்பட்டவரின் ஆபத்து ஒதுக்கப்பட்டவர் தலையிலேயே விடியக் கூடாது என்று நாம் உரிமையாகப் பேச முடிகிறது. முதலாவது நமக்குக் கணக்குக் கற்றுத் தரும். இரண்டாவது அந்தக் கணக்கை வைத்து நாம் கேட்க வேண்டியது.

அடுத்த மழைக்கு முன் ஒரு நோட்டு வாங்குங்கள். முதல் பக்கத்தில் உங்கள் தெருவில் உப்பளத்துக்குப் போகும் ஒவ்வொருவரின் பெயரையும், போன பருவத்தில் மழையால் போன கூலி நாட்களையும் எழுதுங்கள். நட்டத்தை யார் கணக்கில் எழுதுவது என்று தொடக்கத்தில் கேட்டேன். முதலில் நாம் எழுத வேண்டும். எழுதியதைக் காட்டித்தான் கேட்க முடியும்.

ஜெய் பீம்.